முன்னறைச் செடிக்குக் கவ்வாத்து

தம்பி,

உனக்கும் தர்ஷினிக்கும் சுகமா என்று ஞாயிற்றுக்கிழமை போனிலேயே கேட்டுவிட்டேன். எனக்குச் சுகம் என்று வழக்கம்போல் சொல்லியும் விட்டேன். ஆகவே கடிதத்தில் முதலில் எழுத வேண்டிய அந்த இரண்டு வரியையும் விட்டுவிட்டு, போனில் சொல்லாமல் விட்டதை எழுதுகிறேன்.

விசா வந்துவிட்டது, அடுத்த மாதம் மெல்பர்னுக்குப் புறப்படுகிறோம் என்றாய். அதற்கு முன் ஒருநாள் கொழும்பிலிருந்து காலை பஸ்ஸில் வந்து பின்னேரமே திரும்பிவிடுவதாகச் சொன்னாய். "தர்ஷினிக்கு லீவு இல்லப்பா. நான் மட்டும் வந்து பாத்துட்டுப் போறேன்" என்றாய். நானும் "சரிப்பா, வேலைதானே முக்கியம்" என்றேன். வேலையையே விட்டுவிட்டுப் போகப்போகிற பெண்ணுக்கு லீவு கிடைக்கவில்லையாம்; அதை நம்பி நானும் தலையாட்டினேனாம். நம் இருவரில் யார் பெரிய நடிகன் என்று தெரியவில்லை. முகம் பார்த்துப் பேசும் அந்தப் போனில் எனக்கு ஒரு தொல்லை இருக்கிறது. மூலையில் என் முகமும் சின்னதாகத் தெரியும். பொய் சொல்லும்போது அது எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பார்த்தே எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. காகிதத்தில் அந்த வசதி இல்லை. அதனால்தான் புடைவைக்கடையில் முப்பது வருடம் பில் எழுதிய அதே கையெழுத்தில், யன்னலோரம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

முன்னறைச் செடியைப் பற்றி நீ ஒருநாளும் கேட்பதில்லை. கேட்டால் பேச்சு எங்கே போகும் என்று உனக்குப் பயம். அது உயிரோடு இருக்கிறது. தர்ஷினி அதை மொன்ஸ்டெரா என்பாள். நான் ஓட்டை இலைச் செடி என்பேன். இப்போது ஒன்பது இலை. ஐந்தில் ஓட்டை விழுந்திருக்கிறது. தும்பு சுற்றிய கம்பைப் பிடித்துக்கொண்டு என் நெஞ்சு உயரத்துக்கு ஏறிவிட்டது. காலையில் பால் விடாத பிளேன்டியைக் குடித்துவிட்டு, ஆட்காட்டி விரலை இரண்டாவது கணு வரைக்கும் மண்ணில் விட்டுப் பார்ப்பேன். ஈரம் பட்டால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. காய்ந்திருந்தால், சட்டியின் அடி ஓட்டை வழியாக வடிகிற வரைக்கும் ஒரேயடியாக ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுவேன். ஹந்தானை மலைப் பக்கத்திலிருந்து மூட்டம் இறங்கி வீடெல்லாம் சில்லிட்டுக் கிடக்கும் மாதங்களில் அதுவும் பாதிதான். ஞாயிறு தோறும் ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாக, அடியில் இடது கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு துடைப்பேன். நேர் வெயில் பட்டால் கருகும், மூலை இருட்டில் வைத்தால் புது இலையில் ஓட்டை விழாது. எல்லாம் தர்ஷினி சொல்லித் தந்தது. தண்ணீர் விஷயம் மட்டும் பட்டுத் தெரிந்துகொண்டது.

நீங்கள் இருவரும் கொழும்புக்குப் போன முதல் மாதங்களில் இந்தச் செடியை நான் கிட்டத்தட்ட மூழ்கடித்தேன். காலையில் ஊற்றுவேன். பத்து மணிக்குச் செய்ய வேறொன்றும் இல்லாமல் போய் நின்று இன்னொரு கோப்பை ஊற்றுவேன். ஒரு சுண்டு அரிசியில் பாதியை ஆக்கி, அதிலும் பாதியைக் காக்கைக்குப் போட்டுவிட்டு, மத்தியானம் மறுபடியும் செடியடிக்குப் போவேன். நாலு மணிக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டு ரொட்டி விற்க மேடேறி வருகிற பாண் ஆட்டோக்காரரிடம் அரைப் பாண் வேண்டுமென்று சிங்களத்தில் சொல்வேன். சில நாட்களில் அதுதான் அன்றைக்கு என் வாயிலிருந்து வருகிற முதல் பேச்சு. குரல் கட்டியிருக்கும். அவர் என்னைக் காய்ச்சல்காரன் என்று நினைத்துக்கொண்டு ஒருநாள் கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொன்னார். இப்படியே போக, அப்போதுதான் புதிதாக வந்திருந்த இலைகளும் மஞ்சளாகத் தொடங்கின. மண்ணில் நாற்றம் வந்தது. சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் வேர் கறுத்துக் கூழாகி இருந்தது. அழுகினதைக் கழித்து, மணலும் கரியும் கலந்த புது மண்ணில் வைத்து, பத்து நாள் தண்ணீரே காட்டாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பத்து நாளும்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. செடி பிழைத்துக்கொண்டது.

இந்தச் செடியைப் பற்றி உனக்குத் தெரிந்த கதை ஒன்று இருக்கிறது. நீ அதை உன் கூட்டாளிகளிடம் எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அந்தக் கதை பொய், தம்பி. அதைச் சொல்லத்தான் இத்தனை வரி எழுதிக்கொண்டு வந்தேன்.

உன் அம்மா போன மறு வருடம் தர்ஷினி நம் வீட்டுக்கு மருமகளாக வந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண், பேங்க் உத்தியோகம், நம்ம வீட்டில் எப்படி ஒத்துப்போகும் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு கலக்கம் இருந்தது. வந்த இரண்டாம் மாதமோ மூன்றாம் மாதமோ, பேராதனை வீதியில் செடி விற்கும் இடத்திலிருந்து இரண்டு இலைக் கன்று ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். வீடெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். "மாமா, இந்தக் கதிரையைக் கொஞ்சம் அங்கால வைக்கட்டே? வெளிச்சம் இந்த மூலைக்குத்தான் சரியா வருது" என்று கேட்டாள். அது உன் அம்மாவின் கதிரை. நெஞ்சு வருத்தம் வந்த கடைசி எட்டு மாதமும் அவள் அந்த யன்னலோரத்தில் அதில்தான் உட்கார்ந்திருந்தாள். தர்ஷினிக்கு அது தெரியாது. நான் சொல்லியிருந்தால் அந்தப் பெண் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாள். நான் "வைங்க மகள், அதுக்கென்ன" என்றேன். கதிரை பின்விறாந்தைக்குப் போனது. எனக்கு வலித்தது. வலித்தது என்று சொல்லாமல், அவளாகவே கண்டுபிடிக்கவில்லையே என்று மனசுக்குள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன்.

அதற்காக அவளைப் பிடிக்காமல் போனது என்று நினைக்காதே. முதல் ஓட்டை இலை விரிந்த அன்றைக்கு நான் பூச்சி அரித்துவிட்டது என்று பதறிக்கொண்டு வேப்பெண்ணெய் தேடினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஓட்டை விழுந்தா வளந்திட்டுது எண்டு அர்த்தம் மாமா" என்றாள். "அப்ப என் பெனியனும் வளந்துருச்சு" என்றேன். அவளுக்கு அன்று முழுவதும் சிரிப்பு நிற்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் என்னிடம் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கினாள்.

அவளுக்கு முன்னால் யாரும் கேட்டதில்லை, நீ உட்பட. நீ கேட்காததற்கு நான்தான் காரணம். ஆறாம் வகுப்பில் ஒரு படிவம் கொண்டுவந்தாய். தகப்பன் பிறந்த ஊர் என்ற இடத்தில் நான் கண்டி என்று எழுதினேன். "அப்பா, நீங்க மடுல்கெல்லதானே?" என்று கேட்டாய். "யாராவது கேட்டா கண்டின்னே சொல்லு" என்றேன். நீ அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாய். மடுல்கெல்லைப் பக்கத்துத் தோட்டத்தில் பதினேழு வயதிலிருந்து பதினொரு வருடம் நான் கவ்வாத்து வெட்டினவன். உயர்ந்து கிழடுதட்டிப் போன தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி மறுபடி தழைக்க விடுகிற வேலை. நல்ல கவ்வாத்துக்காரன் என்று என்னைச் சொல்வார்கள். டவுனுக்கு வந்த பிறகு அந்தக் கத்தியை எண்ணெய்த் துணியில் சுற்றி அலுமாரி மேல் போட்டேன். கடைக்கு வருகிறவர்களுக்கு நான் எப்போதும் கண்டிக்காரன்தான்.

தர்ஷினி கேட்டபோது எல்லாவற்றையும் சொன்னேன். பின்னேரத்தில் அவள் இலை துடைப்பாள், நான் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்வேன். வெட்டுவாய் சாய்வாக இருக்க வேண்டும், மழைத்தண்ணீர் நிற்கக்கூடாது. வேரில் பலம் சேராத இளஞ்செடியில் கத்தியை வைக்கவே கூடாது. முக்கியமானது ஒன்று: எவ்வளவு வெட்டினாலும் ஓரத்தில் ஒரு கொப்பை இலையோடு விட்டுவிட வேண்டும், செடி மூச்சு விடுவதற்கு. மொத்தத்தையும் வழித்தால் மலையில் வரிசை வரிசையாகச் செத்துப்போகும். ஒரு தடவை புதுசாக வந்தவன் ஒருவன் அப்படி வழித்துவிட்டு, என் அப்பாவிடம் மலையிலேயே அறை வாங்கினதையும் சொன்னேன். "மூச்சுக்கு ஒரு கொப்பு" என்று அவள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். அந்தப் பேச்சு அவளுக்குப் பிடித்திருந்தது.

இரண்டு வருடத்தில் செடி மூலையை அடைத்துக்கொண்டு வளர்ந்தது. யன்னலில் பாதியை மறைத்தது. அதன் பின்சுவரில்தான் உன் அம்மாவின் படம். இலை ஒவ்வொன்றும் சுளகு அளவு வந்தபோது, படத்தில் நெற்றிப்பொட்டும் முடியும் மட்டும் வெளியே தெரிந்தன. நான் பார்ப்பேன். ஒன்றும் சொல்லமாட்டேன். நீயாவது பார்க்கிறாயா என்று உன் முகத்தைப் பார்ப்பேன். நீ செருப்பைக் கழற்றிக்கொண்டே போனில் பேசிக்கொண்டு உள்ளே போவாய்.

அந்த வருடம் அம்மாவின் திவசமும் தர்ஷினியின் தங்கை கல்யாணமும் ஒரே நாளில் விழுந்தன. தர்ஷினிதான் அதை முதலில் கவனித்தாள். "மாமா, மாமியின்ர திவசமும் அண்டைக்குத்தானே. நாங்கள் தாலி கட்டி முடிஞ்ச உடன வெளிக்கிட்டு வந்திடுறம்" என்றாள். "வேணாம் மகள், தங்கச்சி கல்யாணம். இருந்து செஞ்சிட்டு வாங்க. நான் பாத்துக்கிறேன்" என்றேன். என்னையும் வரச் சொன்னீர்கள். திவசத்தை யார் செய்வது என்று மறுத்துவிட்டேன். நீங்கள் போனீர்கள். போகச் சொன்னவன் நான். போய்விட்டீர்களே என்று கோபப்பட்டவனும் நான்.

அன்றைக்குத் தனியாகச் சமைத்தேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய், அவளுக்குப் பிடித்த பலாக்காய்ப் பிரட்டல். இரண்டு வாழையிலை போட்டேன், ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. பூமாலையை எடுத்துக்கொண்டு படத்துக்குப் போடப் போனால் கை எட்டவில்லை. முன்னால் செடி. ஓர் இலையை ஒதுக்கினால் இன்னொன்று வந்து விழுந்தது. தோளால் தள்ளிக்கொண்டு எக்கினேன். மாலையின் நார் ஏதோ ஒரு கொப்பில் மாட்டி அறுந்து, பூவெல்லாம் சட்டி மண்ணில் கொட்டியது. இலையைப் படத்திலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தேன். கையை விட்டதும் இலை மறுபடி வந்து மூடிக்கொண்டது. நான் போய் அலுமாரி மேலிருந்து கத்தியை எடுத்தேன்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. முழங்கால் உயரத்துக்கு, சாய்வாக, அத்தனை தண்டையும் வெட்டினேன். பழக்கத்தில் வெட்டினேன் என்று பிறகு சொன்னேனே, அந்த வெட்டுவாயின் சாய்வு மட்டும்தான் பழக்கம். மற்றதெல்லாம் தெரிந்து செய்தது. அது தேயிலை இல்லை என்று எனக்குத் தெரியும். இரண்டு வயதுச் செடி என்று தெரியும். மூச்சுக்கு ஒரு கொப்பு விட வேண்டும் என்று என் கைக்கே தெரியும். கை ஓரத்தில் இருந்த சின்ன இலையில் வந்து தயங்கியது. அதையும் வெட்டினேன். அந்த நேரத்தில் நான் வெட்டினது செடியை இல்லை. உங்கள் இரண்டு பேருடைய சந்தோஷத்தை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து நீங்கள் வந்தீர்கள். நீ பனங்கிழங்குக் கட்டையும் பைகளையும் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாய். தர்ஷினி வாசலில் செருப்போடு நின்றுவிட்டாள். "மாமா, என்ன நடந்தது?" என்று கேட்டாள். அந்த இரண்டு நாளில் நான் ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். "தேயிலைக்கு வெட்டுற மாதிரி கவ்வாத்து வெட்டி விட்டேன் மகள். பாருங்க, நல்லா தழையும்" என்றேன். நீ எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாய். "சரியாப் போச்சு. அப்பாவுக்குச் செடின்னா எல்லாம் தேயிலைதான்" என்றாய். தர்ஷினி சிரிக்கவில்லை. செடியிடம் போய்க் குனிந்து பார்த்தாள். "மூச்சுக்கு ஒரு கொப்புகூட விடேல்லையே மாமா" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அந்தச் செடியின் சாறு கையில் பட்டால் அரிக்கும். நான் இரண்டு நாளாகச் சொறிந்துகொண்டிருந்தேன். அன்று பின்னேரம் மேசையில் ஒரு களிம்பு இருந்தது. "இதைப் பூசுங்கோ மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் அந்த அரிப்பு சீக்கிரம் நின்றிருக்கும்.

மறுநாள் காலையில் நான் குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் பேசியது கேட்டது. "அது பழக்கத்தில வெட்டினதில்லை. மாமாவுக்குத் தெரியும்" என்றாள். நீ, "எங்க அப்பாவ அப்படிப் பேசாத. அவரு தோட்டத்து மனுசன். அவருக்கு என்ன தெரியும்?" என்றாய். அவள் ஏதோ சொல்ல வந்தாள். நீ விடவில்லை. "தோட்டத்தாளுன்னா உங்க யாழ்ப்பாணத்து ஆளுங்களுக்கு எப்பவும் இளக்காரம்தானே" என்றாய்.

தம்பி, அந்த வீட்டில் தோட்டத்தை இளக்காரமாக நினைத்தவர்கள் இரண்டே பேர். ஒன்று நான், மற்றது என்னிடம் படித்த நீ. அவள் ஒருத்திதான் அதை மரியாதையாகக் கேட்டவள். வாழ்நாள் முழுக்க மறைத்து வைத்திருந்த தோட்டத்தை, ஒரு பொய்க்குத் துணை தேவைப்பட்டபோது மட்டும் நான் வெளியே எடுத்தேன். நீ அதை நம்பி, அதற்காகச் சண்டை பிடித்து, உன் பெண்டாட்டியின் ஊரையும் ஆட்களையும் இழுத்துப் பேசினாய். நான் தேநீர்க் கோப்பையோடு நின்றேன். நாலு எட்டு வைத்து வெளியே வந்து, "அவ சொல்றதுதான் சரி, நான் தெரிஞ்சுதான் வெட்டினேன்" என்று சொல்லியிருக்கலாம். நீ என்னை விட்டுக்கொடுக்காமல் பேசியது எனக்கு இனிப்பாக இருந்தது. அந்த இனிப்புக்காக வாயை மூடிக்கொண்டு தேநீரைக் குடித்து முடித்தேன். மூன்று மாதத்தில் நீங்கள் கொழும்புக்கு மாறினீர்கள். வேலைக்காக என்றீர்கள். நானும் எல்லோரிடமும் அப்படியே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் போனபின் அம்மாவின் கதிரையைத் திரும்ப முன்னறைக்குக் கொண்டுவந்தேன். படத்தை எதிர்ச்சுவருக்கு மாற்றினேன். ஓர் ஆணி, ஐந்து நிமிட வேலை. அதை அன்றைக்கே செய்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. மொட்டைத் தண்டில் கணுவுக்குப் பக்கத்தில் பச்சையாக ஒரு முளை வந்ததையும், பிறகு அது சுருட்டிய காகிதம்போல் நீண்டு விரிந்ததையும் அந்தக் கதிரையில் உட்கார்ந்துதான் பார்த்தேன். அதில் உட்கார்ந்தால் அம்பிட்டிய வீதி வளைவு வரைக்கும் தெரிகிறது. கடை பூட்டிய பிறகு நான் கூட்டாளிகளோடு தேநீர்க் கடையில் நின்று கதையளந்துவிட்டு வருவேன். உன் அம்மா ஒருநாளும் ஏன் பிந்தியது என்று கேட்டதில்லை. அந்தக் கதிரையிலிருந்து வீதியைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு நேரம் என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. அவளும் சொல்லாமலே போனாள். சொல்லாமல் இருப்பதில் எங்கள் இருவருக்கும் நல்ல பொருத்தம்.

நீ அப்படி இருக்காதே. உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் தகப்பன் என்ற பேரில் ஒன்றிரண்டு சொல்கிறேன். போகிற ஊரில் உங்களுக்கு ஆள் கிடையாது. அங்கே வலித்தால் அன்றைக்கே வலிக்கிறது என்று சொல்லிவிடு. பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, பிறகு எதிராளி கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருக்காதே. அவளோடு சண்டை வந்தால் அவளோடு மட்டும் பிடி, அவள் ஊரை இழுக்காதே. என்னைக் காப்பாற்ற வேண்டுமென்றாலும் ஒன்றும் தெரியாதவன் என்று சொல்லிக் காப்பாற்றாதே. எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். தெரியாதவன் என்று நீ மன்னிப்பதைவிட, தெரிந்தவன் என்று நீ கோபித்துக்கொள்வது எனக்கு மரியாதை.

இன்னொன்றும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீ போனைக் கையில் பிடித்துக்கொண்டு குசினிப் பக்கம் நடந்தபோது, உன் தோளுக்குப் பின்னால் யன்னல் விளிம்பில் ஒரு ஜாம் போத்தலைக் கண்டேன். தண்ணீரில் வெள்ளை வேர். மேலே ஓர் இலை, அதில் இரண்டு ஓட்டை. குளியலறைக்குப் பின்னால் நான் சாக்கில் கட்டிப் போட்ட தண்டுகளில் ஒன்றைக் கணுவோடு அவள் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். இத்தனை காலம் போத்தலிலேயே வைத்துக் காப்பாற்றியிருக்கிறாள். நீ என்ன சொன்னாய் என்று அதற்குப் பிறகு என் காதில் விழவில்லை. போன் வைத்த பிறகு கதிரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

அதை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோக விடமாட்டார்களாம், கீழ் வீட்டுப் பிள்ளை போனில் பார்த்துச் சொன்னது. அப்படியென்றால் அதை யாரிடமாவது விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். என்னிடம் விடச் சொல்லிக் கேட்கும் முகம் எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன். ஆற்று மணலும் தும்புத்தூளும் சலித்து, கறுப்புப் பையில் நிரப்பி, நிழலில் வைத்திருக்கிறேன். நீ அதை உன் கையில் வாங்கிக்கொண்டு வராதே, மனமிருந்தால் அவளே கொண்டுவரட்டும். நீ மட்டும் வருவதென்றால் வரவே வேண்டாம், அந்த ஒரு நாளையும் அவளோடு இரு. வந்து போனாய் என்ற பேருக்காக அவளை அங்கே தனியாக விட்டுவிட்டு வருவது, நான் செய்ததை நீயும் இன்னொரு முறை செய்வது போல. உன்னைப் பார்க்காமல் அனுப்புவது எனக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். வலிக்கும். பார், சொல்லிவிட்டேன்.

கடிதம் உனக்குத்தான். ஆனால் கவரின் மேல் தர்ஷினியின் பெயரை எழுதப்போகிறேன். முதலில் அவள் படிக்கட்டும். அவள் அன்றைக்கு வாசலில் நின்று கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. கிழித்துப் போட வேண்டுமென்று தோன்றினால் கிழித்துப் போடட்டும், அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது. அப்படியானால் நீ ஒன்றும் தெரியாமல் தனியாக வந்து இறங்குவாய், நான் உன் முகத்தைப் பார்த்து வாயாலேயே சொல்லிவிடுவேன். இது இப்போது உன் கையில் இருக்கிறதென்றால், அவள் தந்திருக்கிறாள். எந்த நாள் வருவது என்று அவளையே சொல்லச் சொல். நான் வீட்டில்தான் இருப்பேன்.

அப்பா